நான்கெல்லைக்குள் ஒரு புலி

எங்கள் தாத்தா தன் ஆயுளில் கொசுவைத் தவிர எதையும் கொன்றதில்லை. மயிலாப்பூர்க் கொசுவைக் கொல்வது தற்காப்பில் சேரும் என்பதால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. இருந்தும் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சாயங்காலம் கூடும் பெஞ்சில் அவருக்கு 'ஷிகாரி' என்றுதான் பெயர். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதற்கு வீட்டில் இரண்டு பாடங்கள் உண்டு. தாத்தா பாடத்தில் புலி வரும். பாட்டி பாடத்தில் கல்சட்டி வரும். இரண்டும் 1958 மே மாதத்தில், ஒரே மோரிஸ் மைனரில், ஒரே பயணத்தில் நடந்தவை. சாட்சியம் முரண்படும் இடத்தில் நான் பாட்டி பக்கம் சாய்வேன். அவள் தரப்பில்தான் தடயப் பொருள் இருக்கிறது. இன்னும் எங்கள் அடுக்களையில்.

தாத்தா ஹைகோர்ட் வக்கீல். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிணற்றில் பாதி பாத்தியம் என்று சொத்து வழக்காகவே நடத்தியவர். அவருக்கு வேட்டைக் கிறுக்கு பிடித்தது புத்தகத்தால். 1944-ல் ஜிம் கார்பெட் குமாவோன் புலிகளைப் பற்றி எழுதிய புத்தகம் வந்தபோது அவர் அசைந்துகொடுக்கவில்லை. குமாவோன் எங்கேயோ இமயமலை அடிவாரம். அந்தப் புலி வேறு ஜில்லா, வேறு கோர்ட். 1954-ல் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதிய முதல் புத்தகம்தான் ஆளைக் கவிழ்த்தது. அதில் புலி ஜவளகிரியில் அலைகிறது. ஜவளகிரி அப்போது சேலம் ஜில்லா. சேலம் ஜில்லாவில் தாத்தாவுக்கு இரண்டு அப்பீல் நிலுவையில் இருந்தது. ஆகவே புலி தன் அதிகார வரம்புக்குள் வந்துவிட்டதாக அவர் தீர்மானித்துவிட்டார்.

போதாக்குறைக்கு கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர். ஃபீஸில் பாதியைப் பணமாகவும் மீதியை வேட்டைக் கதையாகவும் கொடுப்பவர். 1948-லிருந்து ராஜதானி முழுக்க மதுவிலக்கு. உலகம் பூராவும் விஸ்கியில் மிதந்துகொண்டு சொல்லப்படும் புலிக் கதைகள் மயிலாப்பூரில் மட்டும் டிகிரி காபியின் பலத்தில் சொல்லப்பட்டன. காபி குடித்தவன் சொல்லும் பொய்யில் ஒரு வசதி, மறுநாள் காலையிலும் அது மறக்காது.

இதே மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், எம். கிருஷ்ணன் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவும் நோட்டுப் புத்தகமுமாகக் காட்டைச் சுற்றி, 1950-லிருந்து கல்கத்தா ஸ்டேட்ஸ்மனில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1996-ல் காலமாகும் வரை அதை நிறுத்தவில்லை. தாத்தாவுக்கு இது தெரியும். தெரிந்தும், "போட்டோ பிடிக்கறது வேட்டையா? கல்யாணத்துக்குப் போய் இலையைப் பார்த்துட்டு வர மாதிரி" என்பார். இவர் இலையைக்கூடப் பார்க்காமல் திரும்பியவர் என்பது பின்னால் வரும்.

இத்தனைக்கும் அவரிடம் துப்பாக்கி கிடையாது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் அப்போது நடப்பில் இருந்தது. லைசென்ஸுக்கு மனுப் போடலாம். போடவில்லை. முதலில் காட்டைப் பார்த்து, எந்த இடத்தில் எது நடமாடுகிறது என்று வேவு பார்த்துவைத்துக்கொண்டு, அப்புறம் லைசென்ஸ், அதற்கப்புறம் துப்பாக்கி என்பது திட்டம். மனைவிக்கு ஊட்டி புஷ்பக் கண்காட்சியைக் காட்டுகிறேன் என்று சொன்னால் செலவுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

பாட்டியிடம் எதையும் ரொம்ப நேரம் மறைக்க முடியாது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பைனாகுலரும், காக்கி அரை டிராயரும், சோலா தொப்பியும் பீரோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

"ஊட்டியில பூவைச் சுடப் போறேளா?"

தாத்தா உண்மையைச் சொன்னார். ஊட்டிக்குக் கீழே மசினகுடிக் காட்டைச் சும்மா பார்த்துவிட்டு வருவதுதான், சாம்பர் என்று ஒரு பெரிய மான் இருக்கிறது, அது எங்கே தண்ணீர் குடிக்க வருகிறது என்று மட்டும்...

"சாம்பாருக்கு மசினகுடி வரைக்கும் போகணுமா? திருவல்லிக்கேணி ரத்னா கஃபே போறாதா? மான்தான் வேணும்னா அடையாத்தைத் தாண்டினா கிண்டியிலயே மேயறதே."

"அது கவர்னர் மான்டீ."

"சரி. பொண் பார்க்கப் போறாப்ல புலி பார்க்கப் போறேள். பஜ்ஜி சொஜ்ஜி அவாளே தருவாளா, நாமதான் எடுத்துண்டு போகணுமா?"

மனைவியை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போன இடத்தில் மான் பின்னால் போனவர் கதை என்ன ஆயிற்று என்று மயிலாப்பூரில் வருஷா வருஷம் உபன்யாசம் நடக்கிறது. தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணில் ஜலம் விட்டுக் கேட்டவர்தான். கேட்பது வேறு, காதில் வாங்குவது வேறு.

உண்மையில், வேறு வேலையோடு வேட்டையைக் கலக்கும் இந்தக் கலப்படத்தை ஆரம்பித்தது தாத்தா அல்ல, சர்க்கார். வெள்ளைக்கார சர்க்கார் கோடை வந்தால் கோட்டையிலிருந்து கட்டுக்கட்டாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். ராஜாங்கம் பாதி நாள், நரி வேட்டை பாதி நாள். இங்கிலாந்தில் துரத்தும் நரி நீலகிரியில் கிடைக்காததால் நம் குள்ளநரியை, சிவப்புக் கோட்டு மாட்டி, குதிரையும் நாயுமாகத் துரத்தினார்கள். ஒரு குள்ளநரிக்கு இத்தனை மரியாதை அதன் வம்சத்திலேயே யாரும் செய்ததில்லை. மெமோ போட்டுக்கொண்டே வேட்டையாடிய பரம்பரையைப் பார்த்து வளர்ந்த வக்கீலுக்கு, பெண்டாட்டியோடு ஊர் சுற்றிக்கொண்டே வேவு பார்ப்பது பெரிய விஷயமாகப் படவில்லை.

படவேண்டியவர்களுக்குப் பட்டது. 1958-ல் நாலு குழந்தை பெற்ற புருஷனும் பெண்டாட்டியும் தனியாகக் காரில் ஊட்டிக்குப் போவது என்பது புலியைச் சுடுவதைவிடப் பெரிய சமாசாரம். "தனியாவா?" என்று கேட்காத மாமி அந்தத் தெருவில் இல்லை. ஓர் அத்தை கூடவே கிளம்பத் தயாரானாள். பின் சீட்டு முழுக்க வேட்டைச் சாமான் என்று சொல்லித் தடுத்தார்கள். பின் சீட்டில் இருந்தது புளியோதரைத் தூக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு வெண்கலக் கூஜா.

குழந்தைகளைத் தி. நகரில் பாட்டியின் பிறந்தகத்தில் விட்டார்கள். அந்த வீடே ஓர் ஏரிக்குள்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை 1920-களில் வற்றவைத்துப் பிளாட் போட்டு, தியாகராயச் செட்டியார் பெயரை வைத்த இடம் அது. வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி விட்ட தண்ணீர். அதன் கரையில் தான் உள்ளான் குருவி சுட்டதாக எங்கள் கொள்ளுத்தாத்தா அளந்துவிட்டுப் போனது பொய்யாகவே இருக்கட்டும், ஏரி பொய்யில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் அது தன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து பார்க்கிறது. இப்போது பனகல் பார்க்கைச் சுற்றி நடப்பது வேறு வேட்டை. ஆடிமாதம் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு மசினகுடி அமைதியான ஊர்.

கார் கிளம்பியது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர். கிருஷ்ணகிரி வந்ததும் தாத்தா வண்டியை நிறுத்தி மேற்கே கையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான் ஜவளகிரி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பாட்டி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். சேலம் வந்ததும் பாட்டி கையைக் காட்டினாள்.

"ஒரு கல்சட்டி வாங்கிண்டுடலாமே. சேலத்துக் கல்சட்டிதான் நிக்கும்."

"திரும்பும்போது பார்த்துக்கலாம்."

கல்யாணமான எல்லோருக்கும் இந்த வாக்கியத்தின் பொருள் தெரியும்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மோரிஸ் மைனர் தன் சுயரூபத்தைக் காட்டியது. பர்லியாறு வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. கைபிரேக் அந்தக் காரில் ஓர் அலங்காரம். நிறுத்தினால் வண்டி மெதுவாக மேட்டுப்பாளையத்துக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பாட்டி குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வளைவில் கல் தேடினாள். மூன்றாவதில் நல்லதாக ஒன்று பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதைக் கையோடு காருக்குள் எடுத்துவந்துவிட்டாள். அப்புறம் குன்னூர் வரை ஒன்பது கஜம் மடிசாரில், மடியில் கருங்கல்லோடு, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டி முனகும், கதவைத் திறப்பாள், இறங்குவாள், கல்லை வைப்பாள். தாத்தா சோலா தொப்பியைக் கழற்றி ரேடியேட்டருக்கு விசிறுவார். கூஜாவில் இருந்த மடித் தண்ணீர் முழுக்க எஞ்சினுக்குப் போயிற்று. "அன்னிக்கு அந்தக் கார்தான் ஆசாரமா இருந்தது, நாங்க இல்லை" என்பாள் பாட்டி.

ஊட்டியைப் பற்றி இருவருமே அதிகம் பேசியதில்லை. 1896-லிருந்து நடக்கிற புஷ்பக் கண்காட்சி. பாட்டி பார்த்தாள், "தலையில வெச்சுக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லை" என்றாள், முடிந்தது. தாத்தா இருந்த நேரம் முழுக்கச் சட்டம் படித்தார். நீலகிரியில் வேட்டைக்காரர்களே 1877-ல் கேம் அசோசியேஷன் என்று சங்கம் வைத்திருக்கிறார்கள். 1879-ல் அந்த மலைக்கென்றே வேட்டை மிருகங்களையும் மீனையும் காப்பாற்றத் தனிச் சட்டம் வந்திருக்கிறது. சுடுகிறவர்களே சங்கம் வைத்துச் சுடாமல் காப்பாற்றியது தாத்தாவுக்கு வினோதமாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் அடுத்த வருஷம் எதைச் சுடுவது? கிணற்றுப் பாத்தியம் மாதிரிதான். முதுமலை 1940-லிருந்தே சரணாலயம், அங்கே கை வைக்க முடியாது. பக்கத்துச் சீகூர்ப் பக்கம் லைசென்ஸோடு சுடலாம் என்று குறித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி, கம்பளிக்குள்ளிருந்து சொன்னார்: "நாளைக்குக் கார்த்தால கல்லட்டி வழியா இறங்கறோம்."

பாட்டி பாதித் தூக்கத்தில் இருந்தாள். காதில் விழுந்தது 'கல்சட்டி'.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இந்த மனுஷன் தானாக நினைவு வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்கிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விடியற்காலையில் எழுந்து, பழைய வேட்டியும் வைக்கோலும் சேகரித்துப் பொட்டலம் கட்டத் தயாராக வைத்துக்கொண்டாள். அவருக்கு இஷ்டமான தேங்காய்த் துவையல்கூட அரைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். தாத்தாவும், காட்டுக்குப் போவதில் இவளுக்கு இவ்வளவு உற்சாகமா என்று நெகிழ்ந்துபோனார். தாம்பத்தியம் இந்த மாதிரித் தவறுகளின் மேல்தான் நிற்கிறது.

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. எண்ணி நம்பர் போட்டிருக்கிறார்கள். எத்தனையாவது வளைவில் பாட்டி கேட்டாள் என்பதில் மட்டும் இரண்டு பாடங்களுக்கும் வித்தியாசம்.

"கடை எங்க இருக்கு?"

"எந்தக் கடை?"

அதற்குப் பிறகு மசினகுடி வரை காரில் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார்கள். வேவு பார்க்க உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஓடைப் பக்கம் போனார்கள். பாட்டியும் போனாள், தனியாகப் பங்களாவில் இருப்பதற்குப் புலியே தேவலை என்று. தாத்தா பைனாகுலரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் வலது பக்கக் கண்ணாடியில் பூஞ்சக்காளான். இடது கண்ணில் தாத்தாவுக்குப் பார்வை மட்டம். நல்ல கண்ணுக்குக் கெட்ட கண்ணாடி, நல்ல கண்ணாடிக்குக் கெட்ட கண் என்று அமைந்த அந்தக் கூட்டணியில் காடு முழுக்கப் பனிமூட்டமாகவே இருந்தது.

ஓடைக்கரை ஈரமண்ணில் ஒரு தடம் கிடைத்தது. தாத்தா மண்டியிட்டார். பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். கோர்ட் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது:

'மேற்படி தடமானது கிழமேல் மூணரை அங்குலம், தென்வடல் நாலு அங்குலம். இதற்கு நான்கெல்லை: வடக்கே ஓடை, தெற்கே மூங்கில் புதர், கிழக்கே யானை லத்தி, மேற்கே நான் நின்ற இடம். இதற்குட்பட்ட மிருகம் புலி.'

கூட வந்த ஆள் ஒன்றும் பேசவில்லை. கூலி இன்னும் வாங்கவில்லை. பாட்டி குனிந்து பார்த்தாள்.

"இது நாய்னா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் கார்த்தால கோலம் போடறேன். போட்டுட்டு உள்ள வரத்துக்குள்ள அது மேல நடக்கற அத்தனையும் எனக்குத் தெரியும். பூனை நடந்தா நகம் பதியாது, உள்ள இழுத்துண்டுடும். நாய்க்குத்தான் முன்னாடி நாலு புள்ளி குத்தும். இதோ நாலு புள்ளி. புலி பூனை ஜாதிதானே?"

கோலமாவில் பதினேழு வருஷம் தடம் பார்த்தவளிடம் ஆண்டர்சன் படித்தவர் என்ன சொல்ல முடியும்? அப்போது பார்த்து பங்களாக் காவல்காரரின் நாய் வாலாட்டிக்கொண்டு வந்து அதே ஈரத்தில் இன்னொரு தடம் பதித்துவிட்டுப் போனது. அளவு சரியாக இருந்தது. கிழமேல் மூணரை, தென்வடல் நாலு.

நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பதிவு அடிக்கப்படவில்லை. அதற்கடுத்து 'யானை 4, மிக அருகில்' என்று இருக்கிறது. அது தெப்பக்காட்டு முகாம். "கால்ல சங்கிலி இருந்ததே, அதையும் எழுதிக்கோங்கோ" என்று பாட்டி சொன்னது மட்டும் பதிவாகவில்லை. மயில் பார்த்தார்கள், முயல் பார்த்தார்கள். தூரத்தில் கடமான் ஒன்று நின்றதாகப் பாட்டி சொல்வாள், வெறுங்கண்ணால் பார்த்தது. தாத்தா பைனாகுலரைச் சரிசெய்வதற்குள் அது தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

திரும்பும்போது கல்லட்டி ஏற்றத்துக்குக் காரும் பாட்டியும் சம்மதிக்கவில்லை. கூடலூர் வழியாகச் சுற்றி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கி, சேலம்.

சேலத்தில்தான் உண்மையான வேட்டை நடந்தது. மாக்கல் சட்டிகள் அடுக்கி வைத்திருந்த கடை முன்னால் பாட்டி மணையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு சட்டியாக எடுத்து, காதுப் பக்கம் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் இடப்பக்கம், பொத்தென்றால் உள்ளே விரிசல், வலப்பக்கம். அடிப்பாகத்தை வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தாள். விளிம்பை உள்ளங்கையால் சுற்றிவந்தாள். அவசரமில்லை, பேச்சில்லை. ஆண்டர்சன் பரண்மேல் காத்திருந்ததுபோல் மூன்று மணி நேரம். தாத்தா மே மாத வெயிலில், தகரக் காருக்குள், சோலா தொப்பியோடு வெந்துகொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்று தேறியது. விலையில் தகராறு. புதுக்காசு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் வாயில் இன்னும் அணாதான். ரூபாய்க்கு 16 அணா, ரூபாய்க்கு 100 காசு. அப்படியானால் அணாவுக்கு ஆறேகால். கடைசி ஓர் அணாவைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார். ஆறு காசு குறைப்பதா, ஏழு காசு குறைப்பதா என்பதில் இன்னும் கால் மணி நேரம். தாத்தா இறங்கிவந்து சட்டப்படி ஆறுதான் என்றார். பாட்டி அவரைப் பார்த்த பார்வையில் ஏழு என்று தீர்ப்பாயிற்று.

சட்டியைத் தாத்தாவின் காக்கிக் கோட்டில் சுற்றினாள். குன்னூர்க் கருங்கல்லைச் சேலத்தில் இறக்கிவிட்டு, அது இருந்த இடத்தில், மடியில், கல்சட்டியை வைத்துக்கொண்டு மயிலாப்பூர் வந்து சேர்ந்தாள். வந்ததும் அதைப் பழக்கினாள். தினம் வடித்த கஞ்சியைச் சுடச்சுட ஊற்றி வைப்பது, மறுநாள் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுவது, அப்புறம் இளம் தணலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டுவது. அவசரப்பட்டால் பிளந்துவிடும். "உங்க தாத்தாவையும் இப்படித்தான் பழக்கினேன்" என்பாள். இன்றைக்கும் அதில் வத்தக்குழம்பு வைத்து அடுப்பிலிருந்து இறக்கினால், இலை போட்டு, சாதம் பரிமாறி, நெய் ஊற்றும் வரை உள்ளே தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கிறது.

தாத்தாவின் தடமும் ஆறவில்லை. பூங்கா பெஞ்சில் அது வளர்ந்தது. 1960-ல் ஐந்து அங்குலம். என் அப்பா கல்யாணத்தின்போது ஆறு. யானை லத்தி யானையாயிற்று. மேற்கெல்லையில் நின்றவர் கையில் இரவல் துப்பாக்கி ஒன்று முளைத்தது. நாலடி தூரத்தில் புலி. கண்ணோடு கண். சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று பெஞ்சில் யாராவது கேட்டால், ஒரு வாய் காபியை உறிஞ்சிவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருஷம் நாடு முழுக்கப் புலியைக் கணக்கெடுத்ததில் 1827 என்று போட்டிருந்தார்கள். தாத்தா ஹிந்துவை மடித்து வைத்தார். இந்த 1827-ல் ஒன்று தான் விட்டுவைத்தது என்றார். தேசம் கேட்டுக்கொண்டபடியால் இன்று முதல் வேட்டையை அடியோடு துறந்துவிட்டதாகவும் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும், எழுந்து நின்று அறிவித்தார்.

பாட்டி கல்சட்டியில் கீரையை மசித்துக்கொண்டிருந்தாள். மத்தை நிறுத்தாமல் சொன்னாள்: "மசினகுடி நாய்க்கும் ஒரு கார்டு எழுதிப் போட்டுடுங்கோ. பாவம், பயந்துண்டே இருக்கும்."